டவருக்குள் இல்லை, டவரைச் சுற்றி: விமான நிலைய டெக்னிக்கல் டெண்டரைப் பற்றி

கேள்வி கேட்ட தம்பி, தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்துக்காரர். யு.பி.எஸ்., ஏ.சி., நெட்வொர்க் ஆகியவற்றுக்கு ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்துச் செய்கிற சின்ன நிறுவனம் வைத்திருக்கிறார். ஆட்கள் ஆறு பேர். அந்தப் பக்கம் கோயம்புத்தூர் மில்கள், இந்தப் பக்கம் பாலக்காட்டு வங்கிக் கிளைகள் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு விமான நிலையத்துக்கு ‘ஏர் நேவிகேஷன் டெக்னிக்கல் சப்போர்ட்’ என்ற தலைப்பில் வந்த டெண்டரைப் பார்த்துவிட்டு மூன்று விஷயம் கேட்கிறார். இது ஏடிசி, அதாவது டவரில் உட்கார்ந்து விமானங்களைக் கட்டுப்படுத்துகிற வேலையா? நம்மைப் போன்ற சின்ன ஆட்கள் போடலாமா? அமெரிக்காவில் டவரையே கான்ட்ராக்ட்டுக்கு விடுகிறார்களாமே, இங்கேயும் அது வருமா?

தம்பி, தலைப்பைப் பார்த்து மிரள வேண்டாம், மயங்கவும் வேண்டாம். நான் பதினெட்டு வருடம் இந்த வேலையில் கிடந்தவன். முதலில் ஒரு கம்பெனிக்கு சைட் இன்ஜினியர், அப்புறம் கொழிஞ்சாம்பாறையில் சொந்தமாக. விமானிகளோடு பேசி விமானத்தை இறக்குகிற, ஏற்றுகிற வேலை எந்த டெண்டரிலும் வராது. அது இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் சொந்த ஊழியர்களுடையது. டெண்டரில் வருவதெல்லாம் அந்த டவர் மூச்சு விடுவதற்கு வேண்டியவை: கரண்ட், குளிர்ச்சி, கேபிள், ஆட்கள், சில நேரம் புல்வெட்டு.

ஆணையம் 1995 ஏப்ரல் 1 அன்று இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து உருவானது. ராணுவத் தளங்களை விட்டால், விமான நிலையத்தை யார் நடத்தினாலும் வான்வழிக் கட்டுப்பாடு மட்டும் அதன் கையில்தான். 1999இல் திறந்த கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்தை ஒரு கம்பெனி கட்டியது. திருவனந்தபுரம் 2021 அக்டோபரில் அதானி குழுமத்துக்குக் கைமாறியது. இரண்டு இடத்திலும் டவரில் உட்கார்ந்திருப்பவர் ஆணையத்து ஆள். ஆகவே ஒரே வளாகத்தில் டெண்டர் விடுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள். டெர்மினல் ஏ.சி.க்கு ஒருவர், டவரின் கருவி அறை ஏ.சி.க்கு வேறொருவர். விதிகளும் வேறு. ஆணையம் என்றால் அரசுக் கொள்முதல் விதிகள், ஜெம் போர்ட்டல் (அரசின் இணையக் கொள்முதல் தளம்), சிறு நிறுவனச் சலுகை எல்லாம் உண்டு. தனியார் நடத்துநர் என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். டெண்டரின் முதல் பக்கத்தில் அழைப்பவர் பெயரைப் பார்க்காமல் மேற்கொண்டு படிக்காதீர்கள்.

டவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். மேகம் தாழ்ந்திருக்கும்போது விமானத்துக்கு வழிகாட்டுகிற ஐ.எல்.எஸ். கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பாகம். ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டுவது லோக்கலைசர். அதன் ஆன்டெனா வரிசை, விமானம் இறங்கி ஓடிப்போகிற மறுகோடியில் நிற்கும். எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்று காட்டுவது கிளைட் பாத். வழக்கமாக 3 டிகிரி. அதன் கம்பம் ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உள்ளே, பக்கவாட்டில் இருக்கும். பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டடம். அதற்குள் டிரான்ஸ்மிட்டர், பேட்டரி, ஏ.சி. எல்லோரும் அதை ‘ஹட்’ என்றுதான் சொல்வார்கள்.

கிளைட் பாத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் சமிக்ஞை ஆன்டெனாவிலிருந்து நேராக மட்டும் போவதில்லை. முன்னால் இருக்கிற தரையில் பட்டுத் தெறிப்பதும் சேர்ந்துதான் அந்தச் சரிவு உருவாகிறது. தரைதான் அதன் பாதி ஆன்டெனா என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் புல் ஆளுயரம் வளர்ந்துவிட்டால் சரிவு மாறும். சரிவு அளவு தாண்டினால் மானிட்டர் அதைப் பிடித்து டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடும். சாதாரண முதல் வகை ஐ.எல்.எஸ்.ஸுக்கு சர்வதேச விதி கொடுக்கிற அவகாசம் கிளைட் பாத்துக்கு 6 வினாடி, லோக்கலைசருக்கு 10 வினாடி. தவறான வழி காட்டுவதைவிடக் காட்டாமல் இருப்பது மேல் என்பது கணக்கு. தென்மேற்குப் பருவமழை முடிந்த கையோடு வருகிற புல்வெட்டு டெண்டரைப் பார்த்து நம் ஆட்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. சரியான வாரத்தில் ஆள் வராத புல்வெட்டுக்காரரால் ஐ.எல்.எஸ். நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கருவிகளைத் தொட்டுச் சரிசெய்கிறவர்கள் ஆணையத்தின் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர்கள். பயிற்சி முடித்து, ஒவ்வொரு கருவிக்கும் தனித் தகுதி வாங்கியவர்கள். ரேடார் போன்ற பெரிய கருவிகளுக்கு அதைச் செய்த கம்பெனியோடு தனி ஒப்பந்தம் இருக்கும். நமக்கு மிஞ்சுவது யு.பி.எஸ்., ஜெனரேட்டர், ஏ.சி., எர்த்திங், தீயணைப்பு அலாரம், கம்ப்யூட்டர், ஆபரேட்டர் போஸ்டுகள். மிஞ்சுவது என்று சொன்னாலும் அற்பம் இல்லை. கருவி அறையின் ஏ.சி. நின்றால் ரேடாரும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மேலாண்மை சப்போர்ட் என்று வருவது திட்ட ஆலோசனை, டெண்டர் ஆவணம் தயாரித்தல், நிறுவும் வேலையைக் கண்காணித்தல் போன்றவை. அது தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் போடுகிற ஆலோசகர் டெண்டர். இப்போதைக்கு உங்கள் தெரு இல்லை, விட்டுவிடுங்கள்.

அமெரிக்கா கதை உண்மைதான், ஆனால் பாதி. 1981 ஆகஸ்டில் அங்கே கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, திரும்பி வராத 11,000க்கும் மேற்பட்டவர்களை அதிபர் ரீகன் வேலைநீக்கம் செய்தார். ஆள் இல்லாமல் போனதும் 1982இல் போக்குவரத்து குறைந்த ஐந்து டவர்களைத் தனியாரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று அப்படி 250க்கும் மேல் இருக்கின்றன. பெரிய விமான நிலையங்களின் டவர்கள் அதில் இல்லை. தனியார் டவரில் இருப்பவருக்கும் எஃப்.ஏ.ஏ. எனும் அரசு அமைப்பின் சான்று வேண்டும். அந்த அமைப்புக்கு 1996 முதல் தனிக் கொள்முதல் முறை. மற்ற அமெரிக்க அரசுத் துறைகளுக்கான பொது விதிப்புத்தகம் அதற்குப் பொருந்தாது. இணையத்தில் கிடைக்கிற அந்த ஊர் டெண்டர் ஆவணங்களைப் படித்து நம் ஊருக்குக் கணக்குப் போட வேண்டாம். இங்கே டவரே டெண்டருக்கு வரும் என்று எதிர்பார்த்துக் கம்பெனி நடத்தவும் வேண்டாம்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த டெண்டர்களில் நீங்கள் விற்பது ஆள் இல்லை, சாமான் இல்லை. நடுராத்திரியில் ஒரு மணி நேரத்தை விற்கிறீர்கள். கருவி நின்றதும் எவ்வளவு சீக்கிரம் ஒரு தகுந்த ஆள் அதன் முன்னால் நிற்பார் என்பதுதான் சரக்கு. விலைப் பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். பெனால்ட்டிப் பக்கத்தைப் படிக்கிறவர்தான் இரண்டாவது வருடமும் இருப்பார்.

பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் 28 அன்று நடந்ததைக் கேளுங்கள். அன்று அங்கே வங்கி விடுமுறை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸ் போகிற ஒரு விமானத்தின் பயணத் திட்டத்தில் ‘டி.வி.எல்.’ என்ற ஒரே குறியீடுள்ள இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று பிரான்சில், இன்னொன்று அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில். பயணத் திட்டங்களைப் படிக்கிற வான்வழிக் கட்டுப்பாட்டு மென்பொருள் குழம்பித் தானாக நின்றது. மாற்றுக் கணினி அதே திட்டத்தை வாங்கி அதே போல நின்றது. எல்லாம் இருபது வினாடிக்குள். பயணிகள் ஏழு லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பிற்பாடு வந்த விசாரணை அறிக்கையில் என்னை உட்கார வைத்தது மென்பொருள் பிழை இல்லை. அன்றைக்குப் பொறுப்பில் இருந்த பொறியாளர் வீட்டிலிருந்தபடி பார்க்கிற முறையில் இருந்தார். அங்கிருந்து சரிசெய்ய முடியவில்லை. நேரில் வந்து சேரவே ஒன்றரை மணி நேரம். அந்த மென்பொருளைச் செய்த கம்பெனியைக் கூப்பிட நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூப்பிட்ட பிறகுதான் வழி கிடைத்தது. உலகத்தில் எங்கே பார்த்தாலும் இந்தத் தொழிலில் கதை கடைசியில் இதுதான்: ஆள் எங்கே, எப்போது வந்தார்?

என் கதை அவ்வளவு பெரிதில்லை. ஆனால் என் பணம் போனதால் எனக்குப் பெரிது. ஒரு விமான நிலையத்தில் ஹட்களின் யு.பி.எஸ்., ஏ.சி. பராமரிப்பு என் கையில் இருந்தது. ஐப்பசி மாதம், நல்ல இடி. ராத்திரி 1.40க்கு போன். கிளைட் பாத் ஹட்டில் ஏ.சி. டிரிப், யு.பி.எஸ். பைபாஸில் போய்விட்டது. ஒப்பந்தப்படி இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். எங்கள் டெக்னீஷியன் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பைக்கில், கொட்டுகிற மழையில், ஒன்றேகால் மணி நேரத்தில் கேட்டுக்கு வந்துவிட்டார். பையில் ஸ்பேர் ஃபேன், காண்டாக்டர் எல்லாம் இருக்கிறது. கேட்டில் பாஸைக் காட்டினார். காவலர் டார்ச் அடித்துப் பார்த்தார். முந்தின நாளோடு காலாவதி.

அந்தக் காவலரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் உள்ளே விட்டிருந்தால்தான் தப்பு. காலை எட்டரைக்கு அலுவலகம் திறந்து தற்காலிக பாஸ் கிடைத்த பிறகுதான் டெக்னீஷியன் உள்ளே போனார். வேலை இருபது நிமிடம்தான். பெனால்ட்டிக் கடிகாரம் மட்டும் 1.40லிருந்து ஓடியிருந்தது. ‘நாங்கள் கேட்டுக்கு வந்துவிட்டோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கருவிக்கு வந்தீர்களா என்று திருப்பி எழுதினார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாஸ் புதுப்பிப்பு தாமதமானதற்குக் காரணம் நம் எல்லை வாழ்க்கை. டெக்னீஷியனுக்கு ஆதாரில் பொள்ளாச்சி முகவரி, குடியிருப்பது கொழிஞ்சாம்பாறையில். போலீஸ் சரிபார்ப்பு ஒரு மாநிலத்தில் ஒரு ஸ்டேஷன், இன்னொரு மாநிலத்தில் இன்னொரு ஸ்டேஷன் என்று இழுத்தது. அதற்கு மேல் பாதுகாப்பு விழிப்புணர்வு வகுப்பும் முடித்திருக்க வேண்டும். உங்கள் ஆறு பேரில் எத்தனை பேருக்கு வீடு ஒரு பக்கம், கார்டு ஒரு பக்கம் என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். டெண்டர் கிடைத்த பிறகு பார்த்தால் அது உங்கள் செலவு.

பெனால்ட்டிப் பக்கத்தில் பார்க்க வேண்டியது கடிகாரம் எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பது. போன் வந்த நேரமா, புகார் பதிவான நேரமா? ஆள் வந்ததும் நிற்குமா, கருவி ஓடியதும் நிற்குமா? பாஸ், ஓடுபாதை அனுமதி போன்ற உங்கள் கையில் இல்லாத காத்திருப்பைக் கழிப்பார்களா? ‘அப்டைம்’ என்று ஒரு சதவீதம் போட்டிருந்தால் அதை மணியாக மாற்றிப் பாருங்கள். 30 நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். 99.5 சதவீதம் என்றால் மாதத்துக்கு 3 மணி 36 நிமிடம் நிற்கலாம். 99.9 என்றால் 43 நிமிடம்தான். புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் மாறினால் உங்கள் தொழிலே மாறிப்போகிறது. முதலாவதற்கு வேலந்தாவளத்திலிருந்து ஆள் அனுப்பிச் சமாளிக்கலாம். இரண்டாவதற்கு ஆள் அங்கேயே படுத்திருக்க வேண்டும்.

அங்கேயே படுத்திருக்க எத்தனை பேர்? இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் விழுவார்கள். ‘24 மணி நேரமும் ஒரு டெக்னீஷியன்’ என்று இருந்தால் மூன்று ஷிப்ட், மூன்று பேர் என்று விலை போடுவார்கள். வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் ஆறு நாள்தான் வேலை செய்யலாம். 21ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை. அப்புறம் விடுப்பு, தேசிய விடுமுறை, ஓணம், பொங்கல். நான்கு பேர் இல்லாமல் அந்த ஒரு நாற்காலி நிரம்பாது. கூலி மத்திய அரசு அறிவிக்கிற குறைந்தபட்சக் கூலி, கேரளாவுடையதோ தமிழ்நாட்டுடையதோ இல்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அகவிலைப்படி ஏறும். அந்த ஏற்றத்தை அவர்கள் தருவார்களா, உங்கள் தலையிலா என்று ஆவணத்தில் எழுதியிருக்கும். அதன்மேல் பி.எஃப். உங்கள் பங்கு நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25, போனஸ் 8.33. இதற்குக் கீழே விலை போட்டு எல்-1 (மிகக் குறைந்த விலைக்காரர்) ஆகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் அந்த இடைவெளியைத் தொழிலாளியின் வயிற்றிலிருந்து எடுப்பார்கள், வேறு வழியில்லை. அந்தப் போட்டியில் தோற்பது தோல்வியே இல்லை.

தகுதி விஷயம் சுருக்கமாக. பெரும்பாலான டெண்டர்களில் கடந்த ஏழு வருடத்தில் இதே மாதிரி வேலை ஒன்று மதிப்பீட்டில் 80 சதவீதத்துக்கோ, இரண்டு 50 சதவீதத்துக்கோ, மூன்று 40 சதவீதத்துக்கோ செய்திருக்க வேண்டும். மூன்று வருட சராசரி விற்றுமுதல் 30 சதவீதம். மதிப்பீடு 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 32 லட்சத்தில் ஒன்று, அல்லது 20 லட்சத்தில் இரண்டு, அல்லது 16 லட்சத்தில் மூன்று. விற்றுமுதல் 12 லட்சம். உங்கள் மில் வேலைகள் இதில் சேருமா என்பது, ‘இதே மாதிரி வேலை’ என்பதற்கு அந்த ஆவணம் என்ன விளக்கம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. தனியார் வேலை என்றால் முடித்ததற்கான சான்றோடு டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) சான்றும் கேட்பார்கள். மில்காரர்களிடம் ரொக்கமாக வாங்கியதெல்லாம் இங்கே செய்யாத வேலைதான்.

உத்யம் (சிறு நிறுவனப்) பதிவு இருந்தால் இ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம், டெண்டர் கட்டணமும் இல்லை. உங்கள் விலை எல்-1ஐவிட 15 சதவீதத்துக்குள் அதிகமாக இருந்தாலும், எல்-1 சிறு நிறுவனமாக இல்லாவிட்டால், அவர் விலைக்கு இறங்கி வர உங்களுக்கு வாய்ப்பு உண்டு. மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணை தருகிற சலுகை இது. ஆனால் வேலை கிடைத்த பிறகு கொடுக்க வேண்டிய பேங்க் கேரண்டிக்கு இந்தச் சலுகை பொருந்தாது. நிறையப் பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, வொர்க் ஆர்டர் கையில் வந்த வாரத்தில் வங்கி மேனேஜர் முன்னால் போய் நிற்பார்கள்.

பணம் வருகிற வேகம் அடுத்தது. கூலியை மாதம் பிறந்த முதல் வாரத்தில் கொடுத்தாக வேண்டும். பில் கையெழுத்தாகி வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். பில் போட்டுவிட்டால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை, பணம் வந்தாலும் வராவிட்டாலும், நீங்கள் கட்டியாக வேண்டும். உங்கள் பதிவு கேரளாவில், விமான நிலையம் தமிழ்நாட்டில் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டிய விற்பனைக்கான வரி) போட வேண்டும். அங்கேயும் மத்திய வரி, மாநில வரி என்று பாதிப் பாதியாகப் பிரித்துப் போட்டு பில் திரும்பி வந்த கதைகள் நம் பக்கம் ஏராளம். ஒப்பந்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்றால் ஜி.எஸ்.டி. கணக்கிலும், வரி நீங்கலான பில் தொகையில் 2 சதவீதம் பிடிப்பார்கள். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. சட்டம் நல்ல சட்டம். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு போனவரை நான் பார்த்ததில்லை. மூன்று மாதச் சம்பளம் கையில் இல்லாவிட்டால் இறங்காதீர்கள்.

சரி, போடலாமா? நீங்கள் அனுப்பிய தலைப்பில் கருவிப் பராமரிப்பும் ஆட்களும் சேர்ந்தே இருக்கிற மாதிரி தெரிகிறது. அது முழுதாக உங்களுக்கு இப்போது அதிகம். அதே விமான நிலையத்தில் யு.பி.எஸ்., ஏ.சி. மட்டும் தனியாக வருகிற சின்ன டெண்டரை ஒரு வருடம் எடுத்துச் செய்யுங்கள். அந்த முடிப்புச் சான்றுதான் அடுத்த படி. அல்லது பெரிய கம்பெனிக்கு உள்ளூர்க் கையாகப் போகலாம். அவர்களுக்கு இந்தப் பக்கம் ராத்திரி ஓடிவர ஆள் கிடைப்பதில்லை. ஆனால் துணை ஒப்பந்தத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களுக்கு விழுகிற பெனால்ட்டி முழுதும் உங்கள் மேல் இறங்குகிற வரி இருந்தால், அதற்கு ஒரு உச்சவரம்பு கேளுங்கள்.

எதைப் போட்டாலும், விலை போடுவதற்கு முன் நடக்கிற ப்ரீ-பிட் கூட்டத்துக்கு நேரில் போங்கள். கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். பதில் திருத்தமாகப் போர்ட்டலில் ஏறினால்தான் அது பதில். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. அதற்கு முன்னால் சைட்டைப் பார்க்க அனுமதி வாங்கி, கேட்டிலிருந்து ஹட் வரைக்கும் கையில் கடிகாரத்தோடு போய்ப் பாருங்கள். ஓடுபாதையைக் குறுக்கே கடக்க டவர் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுச்சுவரை ஒட்டிய சாலையில் முழுதாகச் சுற்றித்தான் போக வேண்டும். வரைபடத்தில் கூப்பிடு தூரமாகத் தெரியும். என் பழைய நோட்டில் அது 22 நிமிடம் என்று எழுதியிருக்கிறது, மழை இல்லாத நாளில்.